வெறும் வயிற்றில் ஒரு கரண்டிப் பொடி: ஒரு நிகழ்வு ஆய்வு

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாயும் ஊர்களில் ஒன்று அந்த அம்மாவுக்கு. வயது 61. மாசி மாதம், மஞ்சளை வேகவைத்துக் களத்தில் காயப்போட்டிருந்த நேரம். குத்தவைத்து மஞ்சள் பொறுக்கிக்கொண்டிருந்தவர் எழுந்து நாலடி வைப்பதற்குள் காயப்போட்ட மஞ்சள் மேலேயே சாய்ந்துவிட்டார். வெயில் கிறக்கம் என்று மோர் கொடுத்துப் படுக்கவைத்தார்கள். மூன்றாம் நாள் விடிகாலை, பாத்ரூம் வாசலில் மறுபடியும் விழுந்தார். இந்த முறை கண் சொருகி, கைகால் வெட்டி இழுத்து, அரை நிமிடத்தில் தானாகத் தெளிந்தது. வலிப்புதான் என்று நினைத்துக் காரில் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தார்கள்.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களை மாற்றவில்லை. எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு முக்கியமான காரணம், இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைக் கோத்தவன் நான் என்பதுதான். அது பின்னால் வரும்.

வந்த அன்று

நினைவு தெளிவாக இருந்தது. நாக்கைக் கடித்த காயம் இல்லை, துணி நனையவில்லை. வலிப்பு வந்தவர்கள் தெளிந்த பிறகும் கொஞ்ச நேரம் குழம்பிப் பேசுவார்கள், இவரோ கண் திறந்ததும் "மாட்டுக்குத் தண்ணி காட்டுனீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இதயம் சில விநாடிகள் ஒழுங்கு தவறி, மூளைக்கு ரத்தம் போகாமல் வரும் மயக்கத்திலும் கைகால் வெட்டும். அந்தச் சந்தேகத்தில் முதலில் ஈசிஜி எடுக்கச் சொன்னேன்.

ரத்த அழுத்தம் 168/100. இரண்டு வாரமாகவே கால் துவண்டு வருவதாகச் சொன்னார். "குத்தவெச்சு உக்காந்தா எந்திரிக்க முடியலீங்க. கையூனித்தான் எந்திரிக்கோணும். வயசாயிருச்சுன்னு நெனச்சுட்டனுங்க." படுக்கையில் வைத்துப் பார்த்தபோது தொடைத் தசைகளில் பலம் உண்மையிலேயே குறைந்திருந்தது.

வயிறு குமட்டுகிறது என்று சொன்னதும், வாந்திக்கு வழக்கமாகப் போடும் ஆண்டான்செட்ரான் ஊசியை சிஸ்டர் எடுத்து வைத்திருந்தார். அதற்குள் ஈசிஜி தாள் கைக்கு வந்தது. டி அலை தட்டையாகக் கிடக்க, அதன் பின்னால் யூ அலை எழும்பி நின்றது. இதயத் துடிப்புக்குத் தக்கபடி திருத்திய க்யூடி இடைவெளி 560 மில்லி விநாடி. பெண்களுக்கு 460க்குள் இருக்க வேண்டியது. 500ஐத் தாண்டினாலே ஆபத்து. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை மின்சார ரீதியாகத் தன்னைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எடுத்துக்கொள்ளும் நேரம் இது. அது நீண்டுபோனால், தசை முழுதாகத் தயாராகும் முன்னரே அடுத்த துடிப்பு வந்து மோதும். ஆண்டான்செட்ரானும் இந்த இடைவெளியை நீட்டுகிற மருந்துதான். ஊசியை வைத்துவிடச் சொன்னேன்.

மானிட்டரில் போட்ட பத்தாவது நிமிடம், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வந்தது. கயிறு திரிக்கும்போது புரி மேலும் கீழுமாகப் புரண்டு போவதுபோல, கோடு ஒன்பது துடிப்புகளுக்கு முறுக்கிக்கொண்டு ஓடிப் பின் நின்றது. டார்சாட்ஸ் என்று இதற்குப் பெயர். தானாக நின்றால் மயக்கம், நிற்காவிட்டால் மரணம். மெக்னீசியம் சல்பேட் 2 கிராம், பத்து நிமிடத்தில் நரம்பு வழியாக ஏற்றினோம்.

ரத்தப் பரிசோதனை வந்தது. பொட்டாசியம் 2.3 (3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும்). மெக்னீசியம் 1.4 மில்லிகிராம், அதுவும் குறைவு. பைகார்பனேட் 34, கூடுதல். சோடியம், சிறுநீரகம், சர்க்கரை எல்லாம் சரி. மூளை சிடி ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. இத்தனை நாள் கால் துவண்டதற்கும், இதயம் தடம் புரண்டதற்கும் பொட்டாசியம்தான் காரணம். ஆனால் அந்தப் பொட்டாசியம் எங்கே போனது?

"வேற மாத்திரை ஏதாச்சும்?"

இந்த அம்மா ஏழு வாரத்துக்கு முன்னால் என் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்திருக்கிறார். பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஏற்கெனவே அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு, அன்றைக்கு அழுத்தம் 160க்கு மேல் இருந்ததால் குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரை 12.5 மில்லிகிராம் சேர்த்திருக்கிறேன். அந்த வகை மாத்திரை சிறுநீரில் பொட்டாசியத்தை வெளியேற்றும். கீழே என் கையெழுத்தில் இருக்கிறது: "வேறு மருந்துகள்: இல்லை."

கேட்காமல் எழுதவில்லை. கேட்டேன், "இல்லீங்க" என்றார். அன்று அறையில் முப்பது பேர் காத்திருந்தார்கள், நானும் அதோடு விட்டுவிட்டேன். ஆனால் 12.5 மில்லிகிராம் நீர் மாத்திரை மட்டும் ஏழு வாரத்தில் ஒருவரை 2.3க்குக் கொண்டுபோவது அபூர்வம். வேறு ஏதோ இருக்க வேண்டும்.

முதல் விடை அன்று ராத்திரி கோயமுத்தூரிலிருந்து வந்தது. மகள் போனில் அழைத்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அப்பா இறந்த பிறகு அம்மா சாப்பிடாமல், தூங்காமல், தோட்டத்துப் பக்கமே போகாமல் ஆறு மாதம் கிடந்திருக்கிறார். மகள்தான் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனார். எஸ்சிடாலோபிராம் ஆரம்பித்து, படிப்படியாக 20 மில்லிகிராம் வரை ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் அம்மா பழையபடி களத்துக்கு இறங்கிவிட்டார். மருந்து நன்றாகவே வேலை செய்திருக்கிறது. ஆனால் வீட்டில் மகனுக்கும் மருமகளுக்கும் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். "ஊருக்குள்ள தெரிஞ்சா பேத்திக்கு ஒரு எடத்துல பொண்ணு கேக்க மாட்டாங்கன்னு பயந்துக்கறாங்க சார்."

எஸ்சிடாலோபிராம், அதன் மூத்த உறவான சிடாலோபிராம் இரண்டும் க்யூடி இடைவெளியை நீட்டக்கூடியவை. அளவு ஏற ஏற நீட்சியும் ஏறும். 2011ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சிடாலோபிராமை 40 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அறிவித்தது. 2012ல் 60 வயது தாண்டியவர்களுக்கு 20 மில்லிகிராம் போதும் என்றது. ஐரோப்பாவில் 65 வயது தாண்டியவர்களுக்கு எஸ்சிடாலோபிராம் 10 மில்லிகிராம்தான் உச்சம். ஆனாலும் பொட்டாசியம் சரியாக இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு இந்த நீட்சி சில மில்லி விநாடிதான். லட்சக்கணக்கானவர்கள் பத்திரமாகச் சாப்பிட்டு எழுந்து நடமாடுகிற மாத்திரை இது. பொட்டாசியம் வடிந்துபோன உடம்பில்தான் அது பல் காட்டும்.

பொட்டாசியத்தை வடியவிட்டது எது என்பது இரண்டாம் நாள் தெரிந்தது. கண்டுபிடித்தது நானல்ல, எங்கள் வார்டு சிஸ்டர். அந்தியூர்க்காரர். மருந்து என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை. தலைக்குச் சீவிவிட்டுக்கொண்டே கேட்டிருக்கிறார்: "ஏனுங்கம்மா, காலைல எந்திரிச்சதும் வெறும் வயித்துல என்னங்க குடிப்பீங்க?"

"காப்பித்தண்ணி அப்புறமேலுக்குத்தான் கண்ணு. மொதல்ல அதிமதுரப் பொடியத் தேன்ல கொழச்சு நக்கிக்குவேன். வயித்தெரிச்சலுக்கு அத மிஞ்சி ஒண்ணுமில்ல."

"தெனமுமுங்களா?"

"மூணு வேளையும்தான். ராத்திரிக்கு நெலாவரைப் பொடி ஒரு கரண்டி, சுடுதண்ணில. வயிறு கட்டிக்குது கண்ணு, அது இல்லாட்டி எறங்க மாட்டீங்குது."

"டாக்டர் கேட்டாருங்களே, ஒண்ணுமில்லைன்னீங்க?"

"அவரு மருந்தல்ல கேட்டாரு?"

டப்பா

பேரன் வீட்டிலிருந்து எடுத்துவந்தான். ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய வெளிர்மஞ்சள் பொடி, மூடியைத் திறந்ததும் இனிப்பு வாசம். உள்ளேயே ஒரு எவர்சில்வர் கரண்டி. கூடவே செலவுப் பெட்டியையும் தூக்கிவந்திருந்தான், பாட்டி சொன்னாளாம். சுக்கு, மிளகு, திப்பிலி வைத்திருந்த தட்டைத் தூக்கினால் அதன் அடியில் எஸ்சிடாலோபிராம் அட்டை, பாதி பிரித்தது, மஞ்சள் தூள் ஒட்டியபடி இருந்தது. அந்த வீட்டு அடுப்படியில் இரண்டும் ஒரு முழ தூரத்தில்தான் இருந்திருக்கின்றன. பொடியைப் பற்றி மாத்திரை எழுதியவருக்குத் தெரியாது, மாத்திரையைப் பற்றிப் பொடி விற்றவருக்குத் தெரியாது.

மருந்தகத் தராசில் அவர் அள்ளுகிற மாதிரியே கரண்டியால் அள்ளிப் போடச் சொல்லி நிறுத்தோம். கோபுரமாக ஒரு கரண்டி, 4 கிராம். மூன்று வேளைக்கு 12 கிராம். நான்கு மாதமாக, ஒரு நாள் விடாமல்.

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின்தான் இங்கே விஷயமே. வேரில் அது குறைந்தது 4 சதவீதம் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்துத் தர நூல் எதிர்பார்க்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தாலே இந்த அம்மா நாளொன்றுக்கு 480 மில்லிகிராம் கிளைசிரைசின் உட்கொண்டிருக்கிறார். நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு 100 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

அது உடம்பில் செய்வது இதுதான். சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ள அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஒரு பூட்டைத் திறக்கிறது. கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் அதே பூட்டுக்குப் பொருந்தும், ரத்தத்தில் அதன் அளவும் மிக அதிகம். அதனால் அந்த இடத்தில் ஒரு நொதி காவல் நின்று கார்டிசாலைச் செயலிழக்கச் செய்துகொண்டே இருக்கிறது. கிளைசிரைசின் அந்தக் காவலைத் தூங்கவைத்துவிடுகிறது. கார்டிசால் உள்ளே புகுந்து பூட்டைத் திறந்தபடியே வைத்திருக்கும். உப்பும் நீரும் தேங்கும், அழுத்தம் ஏறும், பொட்டாசியம் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும்.

பரிசோதனைகளும் அதையே சொல்லின. ரத்தத்தில் பொட்டாசியம் இவ்வளவு குறைந்தால் சிறுநீரகம் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இவருக்கோ 24 மணி நேரச் சிறுநீரில் 62 மில்லிமோல் போயிருந்தது. அல்டோஸ்டிரோனைச் சுரக்கத் தூண்டிவிடுகிற ரெனினும் குறைவு, அல்டோஸ்டிரோனும் குறைவு. நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரெனின் கூட வேண்டும். அதையும் மீறிக் குறைந்திருந்தது என்றால் அல்டோஸ்டிரோன் வேலையை வேறொன்று செய்கிறது என்று பொருள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ் 1946லேயே வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்துப் புண் ஆறுவதையும், சிலருக்கு உடம்பு வீங்குவதையும் சேர்த்தே பதிவு செய்தார். பிறகு அதிலிருந்து செய்த கார்பினாக்சலோன் என்ற மாத்திரை இங்கிலாந்தில் அல்சருக்குப் புழங்கியது. அதுவும் பொட்டாசியத்தைக் குறைத்தது. வயிற்றெரிச்சலுக்கு அதிமதுரம் என்று அந்த அம்மா சொன்னது ஆதாரமில்லாத நம்பிக்கை அல்ல. அது வேலை செய்கிற மருந்து. வேலை செய்வதால்தான் விளைவும் இருக்கிறது.

எது எதை இழுத்துவந்தது

நாட்களை வரிசைப்படுத்தியபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. எஸ்சிடாலோபிராம் அளவு ஏறியபோது குமட்டலும் வயிற்றெரிச்சலும் வந்திருக்கின்றன. இந்த வகை மாத்திரைகளுக்கு அது சகஜம், பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். அதை மாத்திரை கொடுத்தவரிடம் சொல்லாமல் அதிமதுரத்துக்குப் போயிருக்கிறார். மகன் வேறு, அம்மா எரிகிறது என்கிறாரே என்று மெடிக்கலில் கேட்டு ஓமெப்ரசோல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். எஸ்சிடாலோபிராமைக் கரைத்து வெளியேற்றுகிற கல்லீரல் நொதிகளில் ஒன்றை ஓமெப்ரசோல் தடுக்கும். ரத்தத்தில் மாத்திரையின் அளவு ஏறத்தாழ 50 சதவீதம் கூடிவிடும். 20 மில்லிகிராம் சாப்பிட்டவர் உடம்புக்கு 30 சாப்பிட்ட கணக்கு. இதில் மூலிகைக்குப் பங்கே இல்லை.

அதிமதுரம் அழுத்தத்தை ஏற்றியது. அழுத்தம் ஏறியதைப் பார்த்து நான் நீர் மாத்திரை எழுதினேன். எந்தப் பொட்டாசியம் ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்ததோ அதற்கு இன்னொரு ஓட்டை போட்டேன். பொட்டாசியம் குறைந்தால் குடல் தசையும் சோம்பிப் போகும், மலச்சிக்கல் கூடும். நிலாவரை சேர்ந்தது. நிலவாகை என்றும் சொல்வார்கள்; திருநெல்வேலிச் சென்னா என்று உலகமெல்லாம் போகிற இலைதான். வாரக்கணக்கில் தினமும் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கோடு பொட்டாசியத்தையும் கொண்டுபோகும். அதனால் சிக்கல் இன்னும் கூடும், கரண்டி இன்னும் நிறையும். மெக்னீசியமும் இதோடு சேர்ந்து இறங்கியது.

இவற்றில் எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும், அதை யாரும் செய்யக் கூடாது. என் கணிப்பில் அதிமதுரம்தான் அடித்தளம். ரெனினும் அல்டோஸ்டிரோனும் சேர்ந்து இறங்கியதற்கு நீர் மாத்திரையோ நிலாவரையோ காரணமாக முடியாது. ஆனால் என் மாத்திரை இல்லாமல் இருந்திருந்தால் அவர் களத்தில் விழுந்திருப்பாரா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

வார்டில் இருந்த நாட்கள்

எஸ்சிடாலோபிராம், குளோர்தாலிடோன், ஓமெப்ரசோல், இரண்டு பொடிகள் எல்லாவற்றையும் தெரியவந்த அன்றே நிறுத்தினோம். பொட்டாசியத்தை மானிட்டர் பார்த்தபடி நரம்பு வழியாக மெதுவாகவும், கூடவே வாய்வழியாகவும் கொடுத்தோம். மறுநாள் 2.9, நான்காம் நாள் 3.6. அதிமதுரத்தை நிறுத்தினாலும் அந்த நொதி விழித்துக்கொள்ள நாளாகும். ஒன்றிரண்டு வாரம் வரை பொட்டாசியம் ஒழுகலாம். அதனால் வீட்டுக்கு அனுப்பிய பிறகும் பொட்டாசியம் சிரப் கொடுத்து, வாரம் இரண்டு முறை பரிசோதித்தோம். க்யூடி மூன்றாம் நாள் 480, ஆறாம் நாள் 448. டார்சாட்ஸ் திரும்ப வரவில்லை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எஸ்சிடாலோபிராமை ஒரே நாளில் நிறுத்தியது இதயம் ஆபத்தில் இருந்ததால். இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும். அதைவிடப் பெரியது, பழைய சோர்வு திரும்புவது. இவருக்கே ஐந்தாம் நாள் அழுகை ஆரம்பித்துவிட்டது. மனநல மருத்துவரோடு பேசி, க்யூடி சரியானதும் செர்ட்ராலின் 25 மில்லிகிராமில் தொடங்கினோம்; க்யூடி விஷயத்தில் அது இதைவிடப் பாதுகாப்பானது.

மற்ற பொடிகள்

இந்த நிகழ்வுக்குப் பிறகு சிஸ்டர் கேட்ட கேள்வியை நானும் எல்லோரிடமும் கேட்கிறேன். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் அடிக்கடி கேள்விப்படுவது அமுக்கரா. தூக்கத்துக்கும் தெம்புக்கும் என்று சாப்பிடுகிறார்கள். தூக்கம் தரும் மாத்திரையோடு சேர்ந்தால் மந்தம் கூடும்; தைராய்டு ஹார்மோனை ஏற்றியதும், கல்லீரலைப் பாதித்ததும் பதிவாகியிருக்கின்றன. அமுக்கரா சூரணத்தில் மிளகு, திப்பிலி, சுக்கு எல்லாம் உண்டு. மிளகிலும் திப்பிலியிலும் இருக்கிற பைப்பரின் பல மருந்துகள் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். ரசத்தில் போடுகிற மிளகுக்குப் பயப்பட வேண்டாம், கேப்ஸ்யூலில் அடைத்து விற்கிற சாற்றுக்குத்தான் சொல்கிறேன். பூனைக்காலி விதையில் எல்-டோபா இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற அதே பொருள். வாலிபர்கள் மாத்திரையால் ஆசை குறைகிறது என்று மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, பூனைக்காலி லேகியத்துக்குப் போகிறார்கள். அந்தக் கூச்சத்தை உடைத்துக் கேட்க வேண்டியது எங்கள் வேலை.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்புகிற செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கேப்ஸ்யூல் எல்லாவற்றிலும் ஆபத்தானது. "மனசுக்கு நல்லது, மூலிகைதான்" என்று வருகிறது. எஸ்சிடாலோபிராம் வகை மாத்திரையோடு சேர்ந்தால், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்துகிற செரோடோனின் அளவு மீறி ஏறும்: வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, படபடப்பு, பாதத்தை மேலே அழுத்தினால் கணுக்கால் தானாகத் துள்ளுவது. காய்ச்சலும் தசை இறுக்கமும் வந்தால் உயிருக்கே ஆபத்து. அதோடு கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கிற வார்பரின், உறுப்பு மாற்று நோயாளிகளின் சைக்ளோஸ்போரின் எல்லாவற்றையும் வேகமாகக் கரைத்து வெளியேற்றி வீணாக்கும்.

அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் இருக்கிற நண்பரிடம் இந்த நிகழ்வைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. "நான் அதிமதுரத்தை நாலு மாசம் விடாம யாருக்குங்க குடுக்கறேன்? பிரஷர் இருக்கறவங்களுக்குக் குடுக்கறதே இல்லையே. எங்கிட்ட வந்திருந்தா நாடி பார்த்து, என்ன மாத்திரைன்னு கேட்டிருப்பேன்." அவர் சொன்னது நியாயம். அந்த அம்மா எந்தச் சித்த மருத்துவரையும் பார்க்கவில்லை. சந்தையில் கால் கிலோ கேட்டு வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

பிறகு

கடைசியாக ஐப்பசியில் வந்தார். பொட்டாசியம் 4.2, க்யூடி 434, அம்லோடிபின் மட்டும் போட்டு அழுத்தம் 132/82. செர்ட்ராலின் 50 மில்லிகிராம் போய்க்கொண்டிருக்கிறது. மருமகள்தான் கூட வந்திருந்தார். மாத்திரை அட்டை அவர் பையில் இருந்தது. வீட்டில் சாப்பிடுகிறது எல்லாவற்றையும் எழுதிவரச் சொல்லியிருந்தேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பேரன் எழுத்தில் பதினொன்று இருந்தன: வெந்தயம், சுக்குக் காப்பி, கருஞ்சீரகம், நெல்லிக்காய்ப் பொடி... ஒன்பதாவதாக நிலாவரை, பக்கத்தில் "ஞாயிறு மட்டும்".

அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். எட்டிப் பார்த்த அந்த அம்மா, "அதுவுமுங்களா?" என்றார். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு என்ன செய்யலாம் என்று பேச ஆரம்பித்தோம்.